முடிச்சுக்கு அந்தப் பக்கம்

— ரெண்டாம் பூசைக்கு மணி அடிச்சாச்சு நர்சம்மா. கதவைச் சாத்துங்க.

— யாரு, வியாகுலமா? என்னட்டி இது, பின்பக்கமா வந்து நிக்க?

— எல்லாரும் மாதா பள்ளிக்குள்ள பூசைக்குக் கேறட்டும்னு காத்து நின்னு தென்னந்தோப்பு வழியா வந்தேன். அந்தச் சன்னலையும் சாத்துங்க.

— சாத்தினா இருட்டாயிடும்.

— இருட்டட்டும். கெவருமெண்டு நர்சுக்க வீட்டுல என்னைக் கண்டாங்கன்னா எனக்க கதை தீர்ந்துது.

— சரி, சாத்தியாச்சு. இரி. தண்ணி குடி. பெருவிரல்ல என்ன மை?

— ஒண்ணுமில்ல.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— பள்ளி முற்றத்துல மேசை போட்டிருக்காங்க. உபதேசியாரு இருக்காரு. மொதப் பூசை கழிஞ்சு எறங்கின பொம்பளைங்க எல்லாரும் விரல் வச்சுட்டுத்தான் போவணும்.

— எதுக்கு?

— உங்களுக்குத் தெரியாதாக்கும். பிள்ளை நிறுத்துத சட்டம் வேண்டாம்னு திருவனந்தபுரத்துக்கு மனு. கடப்புறத்துல கெவருமெண்டு நர்சும் வேண்டாம்னு அதுல எழுதியிருக்குதாம்.

— எனக்கு எதிரா விரல் வச்சுட்டு, அந்த மை காயதுக்கு முன்னால என்கிட்டயே வந்திருக்க.

— வைக்காம வந்தா ஏன் வைக்கல்லன்னு கேப்பாங்க. கோவிக்கப்பிடாது.

— கோவிச்சு என்ன செய்ய? நல்லா அமுக்கி வச்சியா, பட்டும் படாமலா?

— நான் பட்டும் படாமத்தான் வச்சேன். உபதேசியாரு கையைப் பிடிச்சு அமுக்கிட்டாரு.

— அவருக்கு நல்ல கை. பிரசங்கத்துல இன்னைக்கும் நான்தானா?

— உங்க பேரு சொல்லல்ல. நீங்க தந்த மணிமாலையைச் சொன்னாரு சாமியாரு. பிசாசுக்க செபமாலைன்னு சொன்னாரு. அது தொங்குத வீட்டுல மாதா நிக்கமாட்டான்னு சொன்னாரு.

— கண்ணாடி மணி. பச்சையும் சிவப்புமா நூல்ல கோத்து ஆப்பீஸ்ல இருந்து அனுப்பினது. அதுல பிசாசு எங்க ஒட்டிக்கிடக்கு? மருந்தில்ல, கத்தியில்ல. நாள் பாத்து விலகிப் படுக்கது பாவமில்லன்னு ரோமாபுரியில இருக்கப்பட்ட உங்க பெரிய சாமியே சொல்லியாச்சுன்னு எங்களுக்குப் படிச்சுத் தந்தாவ.

— அதையும் சாமியாரு சொன்னாரு. ரோமாபுரி சொன்னது புருசன் பொண்டாட்டிக்கு, கெவருமெண்டுக்கு இல்லன்னாரு. இன்னைக்கு மணி தாறவன் நாளைக்குக் கத்தியோட வருவான்னாரு. ஏழைக்குக் கஞ்சிக்கு அரிசி தர வழியில்ல, ஏழைக்க பிள்ளையை எண்ண மட்டும் வாறானான்னு கேட்டாரு. எனக்கு அது சரின்னுதான் பட்டுது.

— எனக்கும் சரின்னுதான் படுது. ராத்திரி ஓட்டு மேல கல்லு விழாம இருந்தா இன்னும் கொஞ்சம் சரின்னு படும்.

— கல்லா?

— அன்னா, மேல பாரு. வெளிச்சம் தெரியுதில்லா. அந்த ஓடுதான். சுசீந்திரத்துல இருந்து அண்ணன் வந்து, சவத்து வேலை, விட்டுட்டு வான்னு கூப்பிட்டான். போனா, பயந்து ஓடிட்டான்னு சொல்லுவாவ. இருந்தா அடுத்த கல்லு எப்பம்னு ஓட்டைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கணும்.

— நீங்க போயிடாதீங்க.

— விரல் வச்சவ சொல்லுகா. சரி, வந்த காரியத்தைச் சொல்லு.

— நர்சம்மா, எனக்குக் குளி தெத்திப் போச்சு.

— என்னது?

— இன்னும் குளிக்கல்ல. வர வேண்டியது வரல்ல.

— மெதுவாச் சொல்லு. கடைசியா எப்பம் குளிச்ச?

— செபமாலை மாதாவுக்குக் கொடி ஏத்தினாங்கல்ல, அதுக்கு முந்தின நாளு. பொறவு திருநாள் கழிஞ்சு, கல்லறைத் திருநாளும் கழிஞ்சாச்சு. இப்பம் அடுத்த குளியும் வரப்போற காலம்.

— இவ்வளவு நாளும் எதுக்கு வாயைத் திறக்கல்ல?

— பேடி. சொன்னா உள்ளதாயிடும்னு ஒரு பயம்.

— பெரிய ஆசுபத்திரியில டாக்டர் சொன்னது ஓர்மையிருக்கா?

— மறக்குமா? மூணாவது பிள்ளை செத்துப் பொறந்தப்பம், பாயி நனைஞ்சு மண்ணு நனைஞ்சு, என்னைக் கட்டிலோட தூக்கி ஓடினாங்க. பிழைச்சது மாதாவுக்க புண்ணியம். இனி ஒண்ணு வயித்துல வந்தா தாயும் இல்ல பிள்ளையும் இல்லன்னு டாக்டர் எனக்க வீட்டுக்காரருக்க முகத்தைப் பாத்துச் சொன்னாரு. அதனாலதான் உங்க கிட்ட மாலை வாங்கினேன்.

— அழாத. அழுதா எனக்கு யோசிக்க முடியல்ல. நான் சொன்னபடிதான் செஞ்சியா? எனக்குத் திருப்பிச் சொல்லு பாப்போம்.

— குளிச்ச அன்னைக்குப் பெரிய மணி. பொறவு தினம் காலத்த பள்ளி மணி கேட்டா, முடிச்சுக்கு இந்தப் பக்கம் கிடக்குத ஒரு மணியை அந்தப் பக்கம் தள்ளணும். பச்சை மணி வந்தா அவரு வீட்டுல படுக்கலாம். செவப்பு மணி வந்தா, செவப்பு தீருத வரைக்கும் கடப்புறத்துல கட்டுமரத்துக்கப் பக்கத்துல போய்ப் படுக்கணும்.

— ஒரு நாளைக்கு?

— ஒரு மணி. ஒண்ணே ஒண்ணு.

— மறந்துட்டேன்னு ஒரு நாள்?

— இல்ல. கஞ்சி வைக்க மறந்திருக்கேன், இத மறக்கல்ல. திருநாள் ராத்திரி பனி பிடிச்சுக் கிடந்தேன். அப்பமும் தலைமாட்டு ஆணியில மாலையைத் தொங்கவிடச் சொன்னேன். காலத்த மணி கேட்டா கையை நீட்டித் தடவி ஒண்ணு தள்ளுவேன். கண்ணு திறக்க முடியாது, விரலுக்குத் தெரியும்.

— காய்ச்சலா? எத்தனை நாள் கிடந்த?

— நாலஞ்சு நாள் இருக்கும்.

— காய்ச்சல் விட்டு எழும்பிப் பாக்கச்சிலே எந்த மணி?

— பச்சை. செவப்பு வந்ததும் போனதும் நான் காணல்ல. பனியிலயே செவப்பை ஒக்க மாதா கடத்தி விட்டான்னு நெனச்சேன்.

— நாலஞ்சு நாள்ல சிவப்பு தீராதே.

— அப்பம் கூடக் கிடந்திருப்பேன். பனியில நாள் கணக்கு எனக்கு எங்க தெரிஞ்சுது? மணிக்குத் தெரியும்லா.

— அதுவும் சரிதான். மறந்தா மணி பின்னால நிக்கும், முன்னால ஓடாது. பிள்ளைகள் எடுத்து விளையாடிச்சா?

— ரெண்டுக்கும் எட்டாது. எட்டினாலும் தொடாது. தொட்டா கை வெந்து போவும்னு சொல்லி வச்சிருக்கேன்.

— நல்ல காரியம். மாலை கொண்டு போனவள்ல ஒழுங்காத் தள்ளினவ நீ ஒருத்திதான். ஒருத்தி பசுமாட்டுக் கழுத்துல கட்டிட்டா. இன்னொருத்தி கண்ணு படாம இருக்கப் பிள்ளைக்கு இடுப்புல போட்டிருக்கா. நீயும் தவறினா இந்த மாலைக்குச் சாட்சி சொல்ல ஆளில்ல, கேட்டியா. சர்க்காரு மணி ஒரு பொம்பளையைக் கொன்னுட்டுன்னு அடுத்த ஞாயிறு பிரசங்கம். பொறவு என்னை மாத்தி, கீரிப்பாறை மலையில ரப்பர் மரத்து மூட்டுல கொண்டு தள்ளுவாவ.

— உங்களுக்கு மலை. எனக்குக் குழி.

— தப்பாச் சொல்லிட்டேன். நாக்கு ஒரு இடத்துல நிக்கல்ல. வாந்தி உண்டா?

— வாந்தி இல்ல. கருவாட்டு மணம் பிடிக்கல்ல. அதுல பொறந்து அதுல வளந்தவ நான். நேத்து கருவாட்டுக் கடவப்பெட்டியைத் தூக்கினேன், வயிறு புரட்டிட்டுது.

— காய்ச்சல் கிடந்த வாய்க்கு எதுவும் பிடிக்காது.

— வயித்துல கை வச்சுப் பாருங்க.

— இப்பம் கைக்கு ஒண்ணும் தெரியாது.

— தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க.

— வியாகுலம், ஒண்ணு கேக்கேன். மருந்து கேட்டா வந்திருக்க?

— இல்ல. மாதாவாண இல்ல. அதைக் கேட்டா எனக்கு நரகம். உள்ள ஒண்ணு இருந்தா அதுவும் எனக்க பிள்ளைதானே. அதைக் கொன்னு நான் இருக்கதா? அது இருந்தா நான் செத்துருவேன். செத்தா அந்த ரெண்டையும் யாரு பாப்பா? சாவதுக்கும் பேடி, சாவாம இருக்கதுக்கும் பேடி. ரெண்டு மாசமா நான் நன்மை வாங்கல்ல, அந்த அப்பம் நாக்குல படல்ல. பாவம் சொல்லக் கும்பசாரத்துக்குப் போனா மாலை கதையைச் சாமியாருகிட்ட சொல்லணும். எல்லாரும் நன்மை வாங்கப் போம்போ நான் மட்டும் முட்டுக்குத்தி இருப்பேன். முதுகுல எத்தனை கண்ணு தெரியுமா?

— பின்ன என்ன கேட்டு வந்த?

— இல்லன்னு ஒரு வார்த்தை.

— எனக்குத் தெரியாததை...

— தெரிய வேண்டாம். சொன்னா மதி, அது போதும்.

— பேசாத. யாரோ தட்டுகாவ.

— எனக்க மாதாவே. உபதேசியாரு.

— அந்தக் கட்டிலுக்குப் பின்னால போ. ... யாரு?

— நான்தான் நர்சம்மா. வறுவேலு.

— வியாகுலத்துக்க வீட்டுக்காரரா? பூசை நேரத்துல இங்க என்ன சோலி?

— எனக்க பொண்டாட்டி உள்ள இருக்கா. மணல்ல கால் தடம் கிடக்கு. ஒரு காலை இழுத்துத்தான் அவ நடப்பா.

— உள்ள வாரும். சட்டுனு வாரும், கதவைச் சாத்தணும்.

— ஏட்டி வியாகுலம், கட்டிலுக்க பின்னால இருந்து வா. நான்தான்.

— நீரு பூசைக்குப் போகல்லியா?

— போனேன். பாதியில எறங்கினேன். உபதேசியாரு பக்கத்துல நின்னவன்கிட்ட சொல்லுகாரு, மத்தியானம் வீடு வீடாக் கேறி மாலை இருக்கான்னு பாக்கப் போறாராம். நான் ஓடிப் போய் மாலையை எடுத்துட்டு வந்தேன். இன்னா, தலைப்பாகைக்குள்ள இருக்கு. இத நீங்க வச்சுக்கிடணும் நர்சம்மா. தூர மட்டும் போடப்பிடாது.

— கொண்டாரும். மேசையில வையும். வறுவேலு, நான் ஒண்ணு கேப்பேன், வெக்கப்படாம பதில் சொல்லணும்.

— கேளுங்க.

— வியாகுலத்துக்கு வர வேண்டியது வரல்ல.

— என்னது?

— நான் உம்ம கிட்ட சொல்லல்ல. பேடிச்சுட்டு இருந்தேன்.

— எனக்க கர்த்தாவே.

— கத்தாதேயும். சிவப்பு மணி நாள்ல இவ பக்கத்துல வந்தீரா?

— இல்ல.

— குடிச்சுட்டு?

— நான் குடிக்கல்ல நர்சம்மா, அந்த ஆசுபத்திரி நாளுக்குப் பொறவு. டாக்டர் சொன்னது எனக்க காதுல அலைச்சத்தத்துக்கு மேல கேக்குது. செவப்புன்னு இவ சொன்னா நான் பாயைச் சுருட்டிட்டுக் கடப்புறத்துக்குப் போவேன். மழைன்னாலும் மரத்துக்க மறைவுல கிடப்பேன். எளவட்டப் பயலுவ கேலி பேசுவானுவ, வறுவேலுக்கு மரத்தோடதான் கல்யாணம்னு. பேசட்டும்.

— திருநாளுக்குப் பொறவு?

— இவ பனியில கிடந்தப்பம் ஒரு பெண்ணாவா பாத்தேன், நெருப்பால்லா கிடந்தா. பனி விட்டு, எழும்பித் தலைக்குத் தண்ணி ஊத்தி, பச்சைன்னு இவ சொன்ன பொறவுதான்.

— பச்சை கண்டுதான் சொன்னியா வியாகுலம்?

— வெளிச்சத்துல எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன். பச்சைதான்.

— மாதாவாண, நானும் தவறல்ல நர்சம்மா. இந்தச் சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. மகாராசா காலத்துல இந்தச் சல்லியம் இல்ல. மந்திரிமாரு வந்த பொறவு பொம்பளைக்க பாயிக்கு அடியில வரைக்கும் சட்டம் வருது. சாமியாரு சொன்னா அதுவும் சரின்னுதான் எனக்குப் படும். ஆனா இவ சாவப்பிடாது. அதனால நான் ஒரு காரியம் செஞ்சேன். இவகிட்ட கூடச் சொல்லல்ல.

— என்ன செஞ்சீரு?

— ஒரு பக்கம் சாமியாரு, பிசாசுக்க மாலைங்காரு. இன்னொரு பக்கம் இந்த மாலை இல்லன்னா இவ இல்ல. ரெண்டுக்கும் நடுவுல நான் கிடந்து தவிச்சேன். திருநாள் அன்னைக்குப் பள்ளியில செபமாலையும் சிலுவையும் மந்திரிப்பாங்க. எல்லாரும் கூடையில கொண்டு போடுவாங்க. நானும் இதைக் கொண்டு போய்க் கூடையில அடியில போட்டேன்.

— இதையா?

— இதைத்தான். சாமியாரு கூடை மேல கையை நீட்டி லத்தீனுல செபம் சொல்லி, தீர்த்தம் தெளிச்சாரு. இது மேலயும் விழுந்துது. நான் கண்டேன், செவப்பு மணியில ஒரு துளி நின்னுது.

— அன்னைக்குப் பகல் பூரா மாலையைக் காணாம நான் உயிரு போய்த் தேடினேனே. பொறவு மாதா படத்துக்குப் பின்னால கிடந்துது.

— நான்தான் வச்சேன்.

— தாணுமாலயா. பிசாசுக்க செபமாலைன்னு சொன்ன கையே...

— சிரிக்காதீங்க நர்சம்மா. வெளிய கேக்கும்.

— சிரிக்காம என்ன செய்ய? ஓட்டுல கல்லு விழுந்த நாளையில இருந்து நான் சிரிக்கல்ல. உங்க சாமியாரே என் மாலைக்குத் தீர்த்தம் தெளிச்சுட்டாரு. வியாகுலம், நீ எதுக்கு இன்னும் அழுக? இதைக் கேட்டும் சிரிப்பு வரல்லியா?

— மந்திரிச்சதா இது? அப்பம் இது வீட்டுல தொங்கினா மாதா நிப்பாளா?

— அதை என்கிட்டயா கேக்க? நான் திருநீறு பூசுகவ. ஆனா ஒண்ணு சொல்லுகேன், கேட்டியா. இப்பம் எனக்கு மனசுல தெளிவு வந்தாச்சு. நீ ஒரு நாளும் தவறல்ல. இவரும் தவறல்ல. பிள்ளைகள் தொடல்ல. மாலையைத் தொட்டது நீ ஒருத்தி. அப்பம் இது காய்ச்சல். பெருங்காய்ச்சல் வந்து போனா குளி ஒண்ணு ரெண்டு தள்ளிப் போகும். நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்.

— கருவாட்டு மணம்?

— அதுவும் காய்ச்சல். நல்லாக் கஞ்சி குடி. ரத்தம் ஊறினா தானா வரும்.

— அப்பம் இல்லியா?

— இல்ல.

— ஒருக்கா கூடச் சொல்லுங்க.

— இல்லட்டி. வயித்துல ஒண்ணும் இல்ல. உனக்கு ஒண்ணும் வராது. நீ கேட்ட வார்த்தை இதுதானே, சொல்லியாச்சு. கண்ணைத் துடை. சன்னலைக் கொஞ்சம் திறக்கேன், மூச்சு முட்டுது.

— நர்சம்மா, நான் விரல் வச்சது...

— மை மூணு நாள்ல போயிடும். போங்க, பூசை முடியதுக்கு முன்னால ரெண்டு பேரும் ரெண்டு வழியாப் போங்க. வறுவேலு, நீரு எதுக்கு இன்னும் மாலையைக் கையில வச்சுட்டு நிக்கேரு? மேசையில வச்சுட்டுப் போரும்.

— வைக்கேன் நர்சம்மா. எனக்கு அப்பமே தெரியும், இவளுக்கு ஒண்ணும் வராதுன்னு. மந்திரிச்ச மாலையைச் செபம் சொல்லாம சும்மா தொங்கவிட்டா பாவமில்லியா? இவ பனியில கிடந்த ராத்திரியெல்லாம், இவளுக்கு ஒண்ணும் ஆகப்பிடாதுன்னு நான் தலைமாட்டுல இருந்து, ஒரு மணியை முடிச்சுக்கு அந்தப் பக்கம் தள்ளி மாதாவுக்கு ஒரு மந்திரம், அடுத்த மணியைத் தள்ளி அடுத்த மந்திரம்னு, ஒறக்கம் வந்து கை நிக்குத வரைக்கும் இந்த மாலையிலதான் செபிச்சேன்.